கலெக்‌ஷனில் கடன் இருக்கிறது, செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

பொட்டோமாக்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வடக்கு வர்ஜீனியாவில் குடும்பத்தோடு இருக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒரு கான்ட்ராக்டர் நிறுவனத்திலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளமும் வேலையும் நன்றாக இருக்கிறது, ஆனால் சீக்ரெட் கிளியரன்ஸ், அதாவது ரகசியத் தகவலைக் கையாள அரசு தரும் அனுமதி, கிடைத்தால்தான் வேலை என்று கடிதத்திலேயே போட்டிருக்கிறார்கள். அதற்கான பின்னணி விசாரணைக்கு எஸ்எஃப்-86 படிவத்தை நிரப்பச் சொல்லி லிங்க் வரப்போகிறது.

என் கவலை கடன் பற்றியது. முந்தைய கம்பெனியில் லேஆஃப் ஆனபோது அடுத்த வேலை கிடைக்கப் பல மாதம் இழுத்துவிட்டது, அந்த இடைவெளியில்தான் மனைவிக்கு அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. வாடகையும் மளிகையும் கிரெடிட் கார்டில்தான் ஓடியது. இப்போது ஒரு கார்டு சுமார் 14,000 டாலரோடு சார்ஜ்-ஆஃப் ஆகியிருக்கிறது, இன்னொன்று 6,000 டாலர், கடன் வசூலிக்கும் கலெக்‌ஷன் ஏஜென்சி கைக்குப் போய்விட்டது. மருத்துவமனை பாக்கி சின்னதாக ஒன்று உண்டு, அது கிரெடிட் ரிப்போர்ட்டில் வரவே இல்லை. இது போக ஊரில் தம்பியின் கல்விக்கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன், அவனுக்கு வேலை சரியாக அமையாமல் தவணை நின்று, கணக்கு என்பிஏ (வாராக்கடன்) ஆகி, வங்கியிலிருந்து அப்பாவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

இங்கே நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சார்ஜ்-ஆஃப் என்றால் வங்கியே தள்ளுபடி செய்துவிட்டது, அதை எழுதவே வேண்டாம் என்கிறார் ஒருவர். 7 வருடத்தில் தானாகப் போய்விடும், இப்போது பணம் கட்டினால் அந்த 7 வருடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், தொடாதே என்கிறார் இன்னொருவர். ஊர்க் கடனை யார் இங்கிருந்து போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்பது எல்லோரும் சேர்ந்து சொல்வது. எதை நம்புவது? இந்த நிலையில் கிளியரன்ஸுக்கு வாய்ப்பு இருக்கிறதா, இல்லை ஆஃபரை மரியாதையாக மறுத்துவிடுவதா?

காவேரிக்கரையான் பதில்:

மறுக்காதீர்கள். கான்ட்ராக்டர் நிறுவனம் ஒன்றில் கிளியரன்ஸ் விவகாரங்களைக் கவனிக்கும் ஃபெசிலிட்டி செக்யூரிட்டி ஆபீசர் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்களைவிட மோசமான கடனோடு வந்தவர்களுக்குக் கிளியரன்ஸ் கிடைத்திருக்கிறது, உங்களைவிடக் குறைந்த கடன் உள்ளவர்களுக்கு மறுக்கப்பட்டும் இருக்கிறது. வித்தியாசம் தொகையில் இல்லை. இவ்வளவு டாலருக்கு மேல் போனால் கிடையாது என்று எந்த விதியிலும் எழுதவில்லை.

இதற்கான அடிப்படை, 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த சீட்-4 (SEAD 4) என்கிற அரசு உத்தரவு. அதில் ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டு நெறிகள் உண்டு, பண விவகாரம் எல்லாம் எஃப்-இல் வருகிறது. கடனைக் கட்ட முடியாமை, கட்டும் வசதி இருந்தும் கட்டாமை, தொடர்ந்து வரவுக்கு மீறிய செலவு, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாமை, சூதாட்டத்துக்குக் கடன் வாங்குவது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத திடீர்ப் பணம், இதெல்லாம் பாதகமான பட்டியல். அதே பக்கத்தில் சாதகமான பட்டியலும் இருக்கிறது, அதைத்தான் யாரும் படிப்பதில்லை. வேலை போனது, எதிர்பாராத மருத்துவச் செலவு, மரணம், விவாகரத்து, அடையாளத் திருட்டு போல நம் கைமீறிய காரணத்தால் கடன் வந்து, அந்தச் சூழ்நிலையில் பொறுப்போடு நடந்துகொண்டிருந்தால் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். லேஆஃப், அறுவை சிகிச்சை இரண்டும் அந்தப் பட்டியலிலேயே பெயர் சொல்லி இருக்கிற காரணங்கள். ஆனால் 'பொறுப்போடு' என்ற இரண்டாவது பாதியை நீங்கள்தான் காகிதத்தில் காட்ட வேண்டும், காரணம் சொன்னால் மட்டும் போதாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு ரொனால்ட் பெல்டன் கதையைச் சொல்வேன். அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு உளவு அமைப்பான என்எஸ்ஏ-வில் வேலை பார்த்தவர், 1979-இல் திவால் மனு போட்டு, வேலையை விட்டு, 1980 ஜனவரியில் வாஷிங்டன் சோவியத் தூதரகத்தின் கதவைத் தட்டினார். கடலடியில் சோவியத் கேபிளில் ஒட்டுக்கேட்டுக் கொண்டிருந்த ரகசியத் திட்டத்தைச் சில பத்தாயிரம் டாலருக்குக் கொடுத்துவிட்டார். சிஐஏ-வின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-இல் போனதும் கடன் நெருக்கடியில்தான், பிறகு அவர் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கியதைக்கூட வருடக்கணக்கில் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. கடன்பட்ட எல்லோரும் அப்படிப் போவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, சந்தேகம் வந்தால் அதை நாட்டுப் பாதுகாப்புப் பக்கம் தீர்க்க வேண்டும் என்பது இங்கே விதி. 1988-இல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றமும், கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது.

உங்கள் நண்பர்கள் சொன்னதுக்கு வருகிறேன். சார்ஜ்-ஆஃப் என்பது, 180 நாள் பணம் வராததால் வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாக எழுதிக்கொள்வது, உங்கள் கடன் அப்படியே நிற்கிறது. 7 வருட விஷயத்தில் அவர் குழப்பிக்கொண்டிருக்கிறார். கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு முதன்முதலில் தவணை தவறிய காலத்தை வைத்துத்தான் ஓடும், இப்போது கட்டுவதால் மறுபடி தொடங்காது. கோர்ட்டில் வழக்குப் போடும் காலக்கெடு தனி, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதுவும் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், 'இனி வழக்குப் போட முடியாது, அதனால் கட்டவில்லை' என்று கிளியரன்ஸ் நீதிபதியிடம் சொல்லிப் பாருங்கள். சட்டப்படி நீங்கள் சொல்வது சரி, ஆனால் அதை நல்லெண்ணத்தோடு கடனைத் தீர்க்க எடுத்த முயற்சியாக அவர்கள் ஏற்பதில்லை. ரிப்போர்ட்டிலிருந்து மறைந்துபோனதும் அப்படித்தான்.

படிவத்தில் 26-ஆம் பிரிவுதான் பண விவகாரம். 7 வருடத்தில் கலெக்‌ஷனுக்குப் போன கடன், சார்ஜ்-ஆஃப், 120 நாளுக்கு மேல் தவணை தவறியது, கோர்ட் தீர்ப்பு, சம்பளப் பிடித்தம், வீடு காலி செய்ய வைத்தது எல்லாம் கேட்பார்கள். இப்போது கட்டிமுடித்துவிட்டாலும் நடந்தது நடந்ததுதான், எழுத வேண்டும். நீங்கள் மட்டும் வாங்கிய கடன் என்றில்லை, இணைக் கையெழுத்து, ஜாமீன் போட்டதையும் சேர்த்து எழுதச் சொல்லிப் படிவத்திலேயே இருக்கிறது. கடன் எந்த நாட்டில் என்று அந்தக் கேள்வி பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே தம்பியின் கல்விக்கடன் உள்ளே வருகிறது. மருத்துவமனை பாக்கி ரிப்போர்ட்டில் இல்லாததற்குக் காரணம், 2023-இலிருந்து 500 டாலருக்குக் குறைவான மருத்துவக் கலெக்‌ஷனை மூன்று கிரெடிட் நிறுவனங்களும் காட்டுவதில்லை. ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று படிவம் கேட்கவில்லை, உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்கிறது.

மறைத்தால் என்ன ஆகும் தெரியுமா? கடன் எஃப்-இல் இருந்தது, மறைத்ததும் நடத்தை பற்றிய இ-யும் சேர்ந்துகொள்ளும். கடனைக் காலப்போக்கில் கட்டிவிடலாம், பொய்யைக் கட்டி முடிக்க வழியே கிடையாது. தெரிந்தே தவறான தகவல் கொடுப்பது கூட்டாட்சிக் குற்றமும்கூட, 5 வருடம் வரை சிறை.

செங்காந்தள் பதில்:

காவேரிக்கரையான் சார் சொன்னதோடு, அந்தப் பாதையில் போய் வந்தவள் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன் அண்ணா. விவாகரத்துக்குப் பிறகு கூட்டுப் பெயரில் இருந்த கடன் எல்லாம் என் தலையில் விழுந்தது, கிளியரன்ஸ் தர ஏன் தயங்குகிறோம் என்று காரணங்களை அடுக்கும் ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ் எனக்கு வந்தது. எல்லோரும் எஸ்ஓஆர் என்பார்கள். கவரைப் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று தோன்றும், அது முடிவு கிடையாது, உங்கள் பதிலைக் கேட்டு வந்த கடிதம்.

அதில் ஒவ்வொரு கடனும் 1.ஏ, 1.பி என்று தனித்தனியாக இருக்கும். கான்ட்ராக்டர் ஊழியர்களுக்குப் பதில் எழுத 20 நாள். ஒவ்வொன்றையும் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று சத்தியப்பிரமாணத்தோடு எழுதி, விசாரணை வேண்டுமா, இல்லை எழுத்து ஆவணங்களை வைத்தே முடிவு செய்யலாமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். விசாரணை கேளுங்கள் என்பதுதான் என் கருத்து. இந்த வழக்குகளை விசாரிக்கும் பாதுகாப்புத் துறை அலுவலகமான டோஹாவின் (DOHA) நீதிபதி எதிரே உட்கார்ந்து, வேலை போன மாதத்தில் எதைக் கட்டினீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று நேரில் சொல்லும்போது அவருக்கு ஒரு மனிதர் தெரிகிறார். காகிதத்தில் தொகை மட்டும்தான் தெரியும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், இல்லாமலும் வாதாடலாம், எதிர்ப்பக்கம் அரசு வக்கீல் கட்டாயம் இருப்பார்.

நீதிபதிகள் தேதியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தவணை கட்டத் தொடங்கியது எஸ்ஓஆர் வருவதற்கு முன்பா பின்பா என்பது மிகப் பெரிய விஷயம். கடிதம் வந்த பிறகு அவசர அவசரமாக எல்லாவற்றையும் அடைத்தால், வேலை பறிபோகும் பயத்தில் கட்டினார் என்று எடை குறைந்துவிடுகிறது. எல்லாக் கடனையும் முழுசாக அடைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை, நியாயமான திட்டம் ஒன்று இருந்து அதன்படி நடந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டும் என்றும் இல்லை, ஒன்றை முடித்து அடுத்தது என்று போகலாம். அதனால் படிவத்தை அனுப்பும் முன்பே, ஆம், இந்த வாரமே, அந்த 6,000 டாலர் ஏஜென்சியைக் கூப்பிட்டு மாதம் 150 கட்ட முடியுமானால் 150 என்று எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். முடியாத தொகைக்குத் தலையாட்டிவிட்டு மூன்றாம் மாதம் நிறுத்துவது, ஆரம்பிக்காததைவிடக் கெடுதல்.

டோஹா தீர்ப்புகள் பெயர் நீக்கி இணையத்தில் பொதுவில் இருக்கின்றன, எஃப் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. பத்து தீர்ப்பு படித்தால் நண்பர்கள் சொல்வதைவிட உங்களுக்கு அதிகம் புரியும். தோற்றால் மேல்முறையீடு உண்டு, ஆனால் அங்கே புது ஆதாரம் எதையும் வாங்க மாட்டார்கள், மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். கையில் இருக்கும் ரசீது, மின்னஞ்சல், லேஆஃப் கடிதம், மருத்துவமனைக் காகிதம் எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டியது இதனால்தான்.

வரிக்கணக்கு_பால்டிமோர் பதில்:

எல்லோரும் நல்ல யோசனை சொல்கிறீர்கள், ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கவலை. இந்த மாதிரி நிலையில் இருப்பவர்களை 'கடனைப் பாதியாக்கித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் செட்டில்மென்ட் கம்பெனிகள் தேடி வரும். கார்டுக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், எங்களிடம் கட்டுங்கள் என்பார்கள். நீங்கள் கட்டுவதை நிறுத்திய ஒவ்வொரு மாதமும் ரிப்போர்ட்டில் இன்னொரு கறுப்புப் புள்ளி. லாப நோக்கமில்லாத கிரெடிட் கவுன்சலிங் அமைப்புகள் வேறு, சீட்-4 சாதகமாகச் சொல்வது அவற்றைத்தான். படிவத்தில் 'கவுன்சலிங் எடுக்கிறீர்களா' என்று கேட்கும்போது ஆம் என்று எழுதத் தயங்காதீர்கள், அது உங்களுக்கு நல்லது செய்கிற ஆம்.

நேரடியாக வங்கியோடு பேசி 14,000-ஐ 7,000-க்கு முடித்தீர்கள் என்றால் சந்தோஷம், ஆனால் தள்ளிய 7,000 உங்கள் வருமானம் என்று வரித் துறையான ஐஆர்எஸ் பார்க்கும். 600 டாலர் அல்லது அதற்கு மேல் தள்ளினால் வங்கி 1099-சி என்கிற கடன் தள்ளுபடிப் படிவத்தை அனுப்பும். இதை வரிக் கணக்கில் சேர்க்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடன் பிரச்சினையைத் தீர்க்கப் போய் வரிப் பிரச்சினை உண்டாகும், கிளியரன்ஸில் வரிப் பிரச்சினைக்குக் கார்டு கடனைவிட எடை அதிகம், ஏனென்றால் கடன்காரர் அரசாங்கமே. தள்ளுபடியான நேரத்தில் உங்கள் மொத்தச் சொத்தைவிட மொத்தக் கடன் அதிகமாக இருந்தால் 982 படிவம் போட்டு அந்த வரியிலிருந்து விலக்குக் கேட்கலாம், அதையும் பாருங்கள்.

திவால் மனு பற்றி யாரும் சொல்லவில்லை. சட்டம் கொடுத்த வழி அது, போட்டாலே கிளியரன்ஸ் போய்விடும் என்பது தவறு. ஆனாலும் உங்கள் தொகைக்கு நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். கட்ட முடிகிற கடனைக் கட்டாமல் சட்டத்தால் துடைத்தார் என்ற கேள்வி எழும்.

இன்னொன்று, இந்தியாவில் என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான வங்கிக் கணக்கு), வைப்புத்தொகை இருக்கிறதா? என்ஆர்இ வட்டிக்கு அங்கே வரி கிடையாது, இங்கே உண்டு, நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. எல்லா வெளிநாட்டுக் கணக்கும் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் (FBAR) என்கிற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். படிவத்தின் 20-ஆம் பிரிவில் இந்தக் கணக்குகளை எழுதும்போது வரிக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டோமாக்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கார்டு விஷயம் தெளிவாகிவிட்டது, ஏஜென்சியோடு பேசி மாதத் தவணைக்கு எழுத்தில் வாங்கிவிடுகிறேன், மருத்துவமனை பாக்கியை இன்றே கட்டுகிறேன். தம்பியின் கடன்தான் இன்னும் உறுத்துகிறது. வங்கி ஒன் டைம் செட்டில்மென்ட் தரத் தயார் என்கிறதாம். நான் பணம் அனுப்பினால் வெளிநாட்டில் இருப்பவருக்குப் பணம் கொடுக்கிறேன் என்று அது வேறு பிரச்சினை ஆகாதா? மாதாமாதம் அம்மா அப்பாவுக்கு அனுப்புவதும் இருக்கிறது. அப்புறம், லேஆஃப் சமயத்தில் மாமாவிடம் கைமாற்றாக வாங்கியது ஒன்று, எழுத்தே கிடையாது, அதையும் சொல்ல வேண்டுமா?

காவேரிக்கரையான் பதில்:

பெற்றோருக்கு அனுப்புவதை எழுதுங்கள், வெளிநாட்டுக் குடிமகன் யாருக்காவது பண உதவி செய்ததுண்டா என்று 20-ஆம் பிரிவில் நேரடியாகவே கேட்கிறார்கள். வயதான பெற்றோருக்கு மாதம் அனுப்புவது இங்கே எத்தனையோ பேர் எழுதுகிற பதில், யாரும் அதற்காகத் திடுக்கிட மாட்டார்கள். அனுப்பிய ரசீதும் வங்கிப் பதிவும் இருந்தால் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், இங்கே கார்டு கலெக்‌ஷனில் கிடக்கும்போது ஊருக்கு எவ்வளவு போகிறது என்று விசாரணை அதிகாரி கேட்கக்கூடும். அம்மாவின் மருந்துச் செலவு என்றால் அப்படியே சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரவு செலவுத் திட்டம் ஒன்று எழுதி, அதில் ஊருக்கு அனுப்புவதற்கும் கடன் தவணைக்கும் தனித்தனி இடம் காட்டினால் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் தயாராக இருக்கும்.

தம்பியின் கடனை முடித்துவிடுவதுதான் என் ஓட்டு. வெளிநாட்டு வங்கியில் கட்டப்படாத ஜாமீன், நோட்டீஸ் பெற்றோர் வீட்டுக்கு, இது எஃப் மட்டும் இல்லை, உங்களை அங்கிருந்து நெருக்க ஒரு பிடி என்று, வெளிநாட்டுச் செல்வாக்கு பற்றிய பி-யிலும் பார்க்க இடம் கொடுக்கும். பணத்தை அப்பா கணக்கு வழியாகச் சுற்றாமல், முடிந்தால் உங்கள் பெயரிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கே போகட்டும். செட்டில்மென்ட் கடிதம், கட்டிய ரசீது, கடைசியாக நோ டியூஸ் சான்றிதழ் மூன்றையும் வங்கி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவையோ தம்பியையோ கிளைக்கு நேரில் அனுப்பி வாங்குவது நல்லது, மின்னஞ்சலில் கேட்டால் இழுக்கும்.

கைமாற்று விஷயம். திருப்பித் தரும் கெடு தாண்டாத வரைக்கும் அது தவணை தவறிய கடன் ஆகாது. ஆனால் நேர்காணல் வைத்து, அந்த மாதங்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்று அதிகாரி கேட்டால் மாமா பெயரைச் சொல்லுங்கள். உங்கள் கடனைப் பார்த்தால் சீக்ரெட்டுக்கும் நேர்காணல் வரலாம், தயாராக இருங்கள். இப்போதே மாமாவுக்கு ஒரு மின்னஞ்சலில் இவ்வளவு வாங்கினேன், இந்தத் தேதிக்குள் தருகிறேன் என்று எழுதி அவர் பதிலையும் வாங்கிவிடுங்கள்.

செங்காந்தள் பதில்:

கிளியரன்ஸ் கிடைத்த பிறகும் இது முடிவதில்லை அண்ணா. முன்பு பல வருடத்துக்கு ஒருமுறை மறுவிசாரணை, இப்போது தொடர் கண்காணிப்பு, கிரெடிட் பதிவில் புதிதாக ஏதாவது விழுந்தால் அவர்களுக்குத் தானாகத் தகவல் போகிறது. பின்னால் எப்போதாவது தவணை தவறும் நிலை வந்தால் கணினி சொல்வதற்கு முன் நீங்களே போய் செக்யூரிட்டி ஆபீசரிடம் சொல்லிவிடுங்கள். மேலாளரிடமோ கூட வேலை செய்பவரிடமோ சொல்லத் தேவையில்லை, அது உங்கள் அந்தரங்கம்.

ஏஜென்சியோடு பேசும்போது ஃபோனில் ஒப்புக்கொண்டதை அவர்கள் எழுத்தில் அனுப்பும் வரை வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்காதீர்கள். அவர்கள் தரும் தொகையும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முதல் தவணையைக் கட்டுங்கள்.